திருவிழாவைப் பற்றி எழுதுவது எப்படி? பினாங்குத் தைப்பூசத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் கோயில் ஆண்டு மலர்களுக்கும் தமிழ்ப்பள்ளி இதழ்களுக்கும் வரும் திருவிழாக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது பல வருடங்களாக என் தலையில் விழுந்த வேலை. முன்பு கையெழுத்தில் வந்தன, இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. பிழைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பத்துக் கட்டுரை வந்தால் ஏழாவது "மலேசிய இந்துக்கள் ஆண்டுதோறும் பக்திப் பரவசத்துடன் கொண்டாடும்" என்று தொடங்கும். அந்த வரியை எழுத ஒருவர் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கவே வேண்டாம்.

எழுதுகிற பிள்ளைகளுக்குத் தமிழ் வராமல் இல்லை. வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். திருவிழா முடிந்த மறுநாள் உட்கார்ந்து, என்ன எழுதலாம் என்று யோசிக்கிறார்கள். அதற்குள் பந்தலைப் பிரித்தாகிவிட்டது. கேட்க வேண்டிய ஆட்கள் பட்டர்வொர்த்துக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் திரும்பிவிட்டார்கள். அப்புறம் என்ன, பழைய மலர் ஒன்றைப் புரட்ட வேண்டியதுதான்.

கீழே உள்ள வரிசை தைப்பூசத்தை வைத்துச் சொன்னது. தீபாவளி, பொங்கல் எதற்கும் இதே வரிசைதான். மாறுகிற இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

முதலில் காலம். ஆறு வாரம் இருந்தால் நிம்மதி, மூன்று வாரம் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கும் குறைவாக இருந்தால் இந்த ஆண்டு சும்மா போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு எழுதுங்கள்.

இரண்டாவது, வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டி. மாதம், திதி, நட்சத்திரம் மூன்றும் போட்டது. கைப்பேசியில் உள்ள நாட்காட்டி பொது விடுமுறையை மட்டுமே காட்டும்.

மூன்றாவது, சட்டைப் பையில் அடங்கும் குறிப்பேடும் இரண்டு பென்சிலும். பேனா வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும், மை எழுத்து இளநீரில் கரைந்துவிடும். கைப்பேசியிலேயே எழுதிக்கொள்கிறேன் என்பவர்கள் மதியத்துக்குள் மின்சாரம் தீர்ந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காவது, திருவிழாவை உள்ளிருந்து தெரிந்த ஒருவர். அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டுத் தாத்தா யாராக இருந்தாலும் சரி. கோயில் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பொறுப்பாளர்கள் மேடைப் பேச்சு மாதிரியே பேசுவார்கள்.

1. திருவிழாவைச் சுருக்குங்கள்

"தைப்பூசம்" என்பது தலைப்புக்கு ஆகாது. அதில் மூன்று நாள் இருக்கிறது, ஊரே இருக்கிறது. எண்ணூறு சொல்லில் அத்தனையையும் சொல்லப் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் கிடைக்கும். ஒரு வரியில் சொல்லக்கூடியது வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்ணீர் பந்தலின் சமையல். வெள்ளி ரதத்துக்காகத் தேங்காயைக் குவித்து வைத்துக் காத்திருக்கும் ஒரு சீனக் குடும்பம். அலகு குத்துவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். உறுமி மேளக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன்.

சரியாகச் சுருக்கியாயிற்றா என்று பார்க்க எளிய வழி உண்டு. கட்டுரையில் பினாங்கு என்று வரும் இடத்தில் எல்லாம் சிங்கப்பூர் என்று போட்டுப் பாருங்கள். எதுவும் உதைக்கவில்லை என்றால் தலைப்பு இன்னும் பெரிது.

தீபாவளிக்கும் இதேதான். எண்ணெய்க் குளியல், புத்தாடை, முறுக்கு, திறந்த இல்ல உபசரிப்பு என்று வரிசையாக எழுதிய கட்டுரைகள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் இன்னும் நினைவில் நிற்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் வீட்டில் போடும் படையலைப் பற்றி மட்டும் ஒரு மாணவி எழுதியது. இறந்துபோன தாத்தாவுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைக்கிறார்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டல், பக்கத்தில் சுருட்டு, ஒரு புட்டி ஸ்டௌட் என்ற கறுப்பு பீர். அதைத் திறந்து வைப்பதா மூடியபடியே வைப்பதா என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆண்டுதோறும் ஒரு விவாதம். அந்தச் சின்ன விவாதத்தில் அந்தத் தாத்தா முழுசாகத் தெரிந்தார். முறுக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"முக்கியமானதை எல்லாம் விட்டுவிட்ட மாதிரி இருக்காதா?" என்று புதியவர்கள் பயப்படுவார்கள். மலரில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. மற்றதை மற்றவர்கள் எழுதட்டும்.

2. நாளையும் நாள் வரிசையையும் உறுதி செய்யுங்கள்

துண்டை முடிவு செய்ததும் அது எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போய் ஏமாந்தவர்கள் ஆண்டுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

தைப்பூசம் தை மாதத்துப் பூச நட்சத்திரத்தில் வருவது. 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. ஆகவே "ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில்" என்று எழுதாதீர்கள். தீபாவளி ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியை ஒட்டி வரும். 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பொங்கல் மட்டும் சூரியக் கணக்கு என்பதால் ஜனவரி 14 அல்லது 15-ஐ விட்டு நகராது.

அடுத்தது நாள் வரிசை. பினாங்கில் ரதம் ஊர்வலம் போவது தைப்பூசத்துக்கு முதல் நாள். காவடியும் பால்குடமும் தைப்பூச நாளில். வெள்ளி ரதம் திரும்பி வருவது மறுநாள் மாலையில். தைப்பூசத்தன்று காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பினாங்கு ஸ்ட்ரீட்டில் ரதத்துக்காகக் காத்திருந்த ஒரு தம்பியை நானே கூட்டி வந்திருக்கிறேன்.

ரதம் என்றால் எந்த ரதம் என்பதும் முக்கியம். நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-இல் காரைக்குடியில் செய்யப்பட்டு இங்கே வந்தது. பினாங்கு ஸ்ட்ரீட்டில் உள்ள கோயில் வீட்டிலிருந்து, அதாவது சுவாமியை வைத்திருக்கும் நகரத்தார் வீட்டிலிருந்து புறப்பட்டு, தண்ணீர்மலைச் சாலையில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகிறது. தங்க ரதம் 2017-இல் ஓடத் தொடங்கியது. குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து, மலைக்கோயிலான பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் போவது அது. இரண்டு ரதம், இரண்டு புறப்பாடு, ஒரே சாலையில் இரண்டு கோயில்.

இதில் நானே வழுக்கியிருக்கிறேன். தங்க ரதம் வந்த புதிதில் ஒரு மலருக்குப் படவிளக்கம் எழுதும்போது, பழக்கதோஷத்தில் அதன் கீழ் "வெள்ளி ரதம்" என்று போட்டுவிட்டேன். அச்சாகிக் கைக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டு தரப்பிலிருந்தும் தொலைபேசி வந்தது. அன்றிலிருந்து நாள், நேரம், இடம், யாருடையது என்று நான்கு கட்டம் போட்டு, நிரப்பாமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

3. புராணத்துக்கு ஒரு தாள், வழக்கத்துக்கு ஒரு தாள்

இரண்டு தாள் எடுங்கள். ஒன்றில் திருவிழாவின் கதை, இன்னொன்றில் நம் ஊரில் செய்வது. ஒன்றை மற்றதோடு கலக்காதீர்கள். கலந்தால் என்ன ஆகும் என்றால், "சூரபத்மனை அழிக்க வேல் பெற்றதால் மக்கள் தேங்காய் உடைக்கிறார்கள்" என்பது போன்ற வாக்கியங்கள் பிறக்கும். முன்பாதியும் சரி, பின்பாதியும் சரி. நடுவில் இருக்கும் "ஆல்" மட்டும் நாமே கட்டிவிட்டது.

கதைத் தாளில் எப்போதும் வரும் பிழைகள் இரண்டு. தைப்பூசத்தை முருகன் பிறந்த நாள் என்று எழுதுவது முதலாவது. பார்வதி முருகனுக்கு வேல் கொடுத்த நாள் என்பதே தைப்பூசத்துக்குச் சொல்லப்படும் கதை. முருகன் தோன்றிய நாளாகக் கொண்டாடுவது வைகாசி விசாகத்தை. சூரசம்ஹாரம் நடப்பது ஐப்பசியில், கந்த சஷ்டியில். இந்த மூன்றையும் குழப்பாதவர்கள் குறைவு.

இரண்டாவது, தீபாவளிக்கு இராமர் அயோத்தி திரும்பிய கதையை எழுதி, இலட்சுமி பூசையோடு முடிப்பது. அது வடநாட்டு வழக்கம். நம் வீடுகளில் நரகாசுரன் கதையும் விடியற்காலை எண்ணெய்க் குளியலும்தான். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அவர்களுடைய கதை, அதனால் இந்தத் தவறு பெருகிக்கொண்டே போகிறது. வடநாட்டுக் கதையைச் சொல்லக் கூடாது என்பதில்லை, யாருடையது என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

காவடி பற்றி எழுதுவோர் இடும்பன் கதையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தண்டின் இருபுறமும் கட்டித் தோளில் சுமந்து வந்தவன் அவன். தோளில் இருபக்கமும் பாரம் தொங்கும் வடிவம் ஏன் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

வழக்கத் தாளில் வேறு விதி. நீங்கள் கண்ணால் பார்த்ததையும், செய்கிறவர் வாயால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் "பார்த்தேன்", "சொன்னார்" என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதும்போது இந்தக் குறிப்பு பல சண்டைகளைத் தவிர்க்கும்.

4. திருவிழாவுக்கு முன்னால் போங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் பேர் தவிர்ப்பது இதைத்தான், அதிகம் பலன் தருவதும் இதுதான். திருவிழா நாளில் எல்லாருக்கும் வேலை இருக்கும். காவடி எடுப்பவர் விரதக் களைப்பில் இருப்பார், அவர் குடும்பம் பதற்றத்தில் இருக்கும், மேளச் சத்தத்தில் உங்கள் கேள்வி உங்களுக்கே கேட்காது. பேச்சு எல்லாம் அதற்கு முந்தைய வாரங்களில்தான்.

காவடி எடுப்பவரை விரதம் இருக்கும்போதே பாருங்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் இருப்பவர்கள் உண்டு. ஒரு வாரம் மட்டும் இருப்பவர்களும் உண்டு. "பக்தர்கள் 48 நாள் விரதம் இருக்கிறார்கள்" என்று மொத்தமாக எழுதாமல், உங்கள் ஆள் எத்தனை நாள் என்று எழுதுங்கள். விரதத்தில் சுவையான பகுதி நாள் கணக்கில் இருப்பதில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்? வீட்டில் மற்றவர்களுக்கு மீன் குழம்பு வைக்கும் சட்டி தனியா? தரையில் படுக்கிறவர் மழை நாளில் எங்கே படுக்கிறார்? இதெல்லாம் சமையலறையில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

காவடி கட்டும் இடத்துக்கும் ஒரு மாலை போய்வாருங்கள். மயில் இறகு, அலுமினியச் சட்டம், தோள் படும் இடத்தில் சுற்றும் பஞ்சுத் துணி. எடை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்லிக் காட்டுவதைவிடத் தூக்கிக் காட்டுவார்கள். உங்கள் தோளிலும் வைப்பார்கள், மறுக்காதீர்கள். ஒரு நிமிடம் சுமந்தவர் எழுதும் பத்தி வேறு மாதிரி இருக்கும்.

ரத ஊர்வலத்துக்கு முந்தைய இரவில் ரதம் வரும் வழியில் நடந்து பாருங்கள். லாரியிலிருந்து தேங்காய் மூட்டைகள் இறங்கும். சாலை ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் குவியும். வேண்டுதல் வைத்த சீனர்கள் ஊதுபத்தியோடு ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள். பந்தல்களில் வெங்காயம் உரிக்க ஆள் தேடுவார்கள். கொஞ்சம் உட்கார்ந்து உரித்துக் கொடுங்கள். பேட்டி எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

5. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

புதியவர்கள் முதலில் கேட்பது "ஏன்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு ஊர் முழுக்க ஒரே பதில் தயாராக இருக்கிறது. எங்களோடு வந்த ஒரு மாணவனுக்கு நடந்தது இது.

"அக்கா, நீங்க ஏன் பால்குடம் எடுக்கிறீங்க?"

"வேண்டுதல் தம்பி."

அதோடு முடிந்தது. பையன் என்னைப் பார்த்தான். குடத்தைப் பற்றிக் கேள் என்று சொன்னேன்.

"இந்தக் குடம் எங்க வாங்கினீங்க அக்கா?"

"வாங்கல லா தம்பி, எங்க மாமியாரோடது. அவங்க காலத்துல தூக்கினது. வாய் சின்னது பாத்தியா? படியேறும்போது பால் தளும்பாது. இப்ப கடையில விக்கிறது எல்லாம் அகல வாய்."

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. மாமியார் எப்போது எடுத்தார், எப்படித் தன் கைக்கு வந்தது, நாத்தனாருக்கு ஏன் போகவில்லை, எல்லாம் வந்தது. கடைசியில் வேண்டுதலும் தானாக வந்தது.

பொருளைப் பற்றிக் கேளுங்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேளுங்கள், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாற்றம் என்று கேளுங்கள். தெரிந்ததைக் காட்டுவதற்குப் பேசுவது எல்லாருக்கும் பிடிக்கும். காரணத்தைச் சொல்லச் சொன்னால் கூச்சம் வரும்.

வேண்டுதலுக்குப் பின்னால் பெரும்பாலும் நோயோ குழந்தை இல்லாத கவலையோ இருக்கும். சொன்னவர் நம்பிக்கையில் சொல்லியிருப்பார். அச்சில் போடலாமா என்று தனியாக ஒருமுறை கேளுங்கள். தலையாட்டினால் போதாது, "போட்டுக்க" என்று வாயால் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குடத்தின் சின்ன வாயே ஒரு பக்கம் எழுதப் போதும்.

பெரியவர்களிடம் பேசும்போது கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள். குரல் உடனே மாறி, வானொலி அறிவிப்பாளர் மாதிரி ஆகிவிடும். குறிப்பேடு யாரையும் பயமுறுத்துவதில்லை.

6. திருவிழா நாளில் ஓரிடத்தில் நில்லுங்கள்

காலையில் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள், பந்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் வரிசையில் ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு உங்கள் துண்டு எங்கே நடக்குமோ அங்கே ஓர் இடம் பிடித்து நில்லுங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று அலைகிறவர் கடைசியில் கூட்டத்தின் முதுகை மட்டும் பார்த்திருப்பார்.

குறிப்பு எடுக்க ஒரே முறை போதும். இடப்பக்கம் மணி, வலப்பக்கம் கண்டது. "6:40. அலகு குத்துபவர் விபூதியைக் கன்னத்தில் வைத்து அழுத்துகிறார். மனைவி பார்க்கவில்லை, எலுமிச்சம்பழத்தை எண்ணுகிறார்." வாக்கியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. மணி போடுவது எதற்கு என்றால், வீட்டுக்கு வந்த பிறகு எது முன், எது பின் என்பது சத்தியமாக மறந்துவிடும்.

படத்தில் வராதவற்றைக் குறியுங்கள். தேங்காய்த் தண்ணீரும் சூடமும் சேர்ந்த வாசனை, வெயிலில் தார்ச்சாலை சுடும்போது வெறுங்காலோடு நடப்பவர் சாலையின் எந்த ஓரம் ஒதுங்குகிறார் என்பது, ரதம் கடந்ததும் தேங்காய் ஓட்டுக் குவியலை அள்ளும் மாநகர் மன்றப் பணியாளர்கள். காவடியின் படம் ஆயிரம் பேரிடம் இருக்கும். இது உங்களிடம் மட்டும் இருக்கும்.

மலைக்கோயிலுக்கு 513 படி. ஏறப் போகிறீர்கள் என்றால் பால்குடம் எடுப்பவருக்குப் பின்னால் ஏறுங்கள், முன்னால் போய்த் திரும்பி நின்று படம் எடுக்காதீர்கள். அருள் வந்தவர் முகத்தில் ஒளி பாய்ச்சுவது, மொட்டை அடிக்கும் குழந்தையைப் பெற்றோரைக் கேட்காமல் எடுப்பது, கருவறையைப் படம் பிடிப்பது மூன்றும் கூடாது. சொல்லித் தர வேண்டியதில்லைதான், ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது செய்து வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

7. அன்றிரவே கொட்டிவிடுங்கள்

குளித்து, சாப்பிட்டு, தூங்கப் போகும் முன் அரை மணி நேரம். குறிப்பேட்டைப் பார்க்காமல் நினைவில் நிற்பதை எழுதுங்கள். பிறகு குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். பார்க்காமலே நினைவுக்கு வந்தவைதான் பெரும்பாலும் கட்டுரையின் உயிரான இடங்கள். மறுநாள் செய்தித்தாளைப் படித்த பிறகு எழுதினால் அவர்கள் பார்த்தது உங்கள் நினைவில் புகுந்துவிடும்.

8. எண்களையும் பெயர்களையும் சரிபாருங்கள்

பினாங்குக் கட்டுரையில், கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலையின் எண்கள் நுழைவது தீராத நோய். 272 படி பத்துமலையில். 42.7 மீட்டர் முருகன் சிலையும் அங்கேதான், அது 2006-இல் திறக்கப்பட்டது. நமக்கு 513 படி. இங்கே உள்ள மலைக்கோயில் இன்றைய பெரிய வடிவில் திறக்கப்பட்டது 2012-இல். கோலாலம்பூரின் வெள்ளி ரதம் கிளம்புவது அங்குள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து. நம் குயின் ஸ்ட்ரீட் கோயிலுக்கும் அதே பெயர் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கோயில் தோன்றிய ஆண்டு 1873 என்றால் கோலாலம்பூர்க் கோயில், 1833 என்றால் பினாங்குக் கோயில். இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கூட்டத்தின் எண்ணிக்கையை யாராலும் எண்ண முடியாது. போலீஸ் சொன்னதா, ஏற்பாட்டாளர் சொன்னதா, செய்தித்தாள் சொன்னதா என்று சேர்த்து எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். "காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் நின்றவர் படியில் கால் வைக்கும்போது மணி ஒன்பதரை" என்பது எந்த எண்ணையும்விடக் கூட்டத்தை நன்றாகக் காட்டும்.

ஊர்ப் பெயர்களில் ஒரு முடிவு எடுத்து அதிலேயே நில்லுங்கள். முதல் பத்தியில் குயின் ஸ்ட்ரீட், நாலாவதில் அதே தெருவின் மலாய்ப் பெயரான லெபோ குயின் என்று வந்தால் வெளியூர்க்காரர் இரண்டு தெரு என்று நினைப்பார். நான் நம் மக்கள் வாயில் வருவதைத்தான் போடுவேன்.

9. நடுவிலிருந்து எழுதுங்கள்

முதல் பத்தியை முதலில் எழுதாதீர்கள். அதை எழுத உட்கார்ந்தால் "மலேசிய இந்துக்கள்" வந்து நிற்பார்கள். உங்கள் குறிப்பில் மிக உறுதியாகத் தெரிந்த ஒரு காட்சியை எழுதுங்கள், அந்த அக்கா குடத்தைத் துலக்குவது போல. அதற்கு முன் என்ன தெரிய வேண்டும், பின் என்ன நடந்தது என்று இருபக்கமும் வளர்த்துங்கள். தொடக்கம் கடைசியில் தானாகக் கிடைக்கும். பல நேரம் இரண்டாவது பத்தியே நல்ல தொடக்கமாக இருக்கும், முதலாவதை எடுத்துவிட வேண்டியதுதான்.

புராணக் கதை எங்கே வருவது? வாசகருக்கு அது தேவைப்படும் இடத்தில், நாலைந்து வரியில். தோளில் காவடி ஏறும்போது இடும்பன் வரட்டும். தொடக்கத்திலேயே ஒரு பக்கக் கதை வைத்தால் தமிழ் வாசகர் "தெரியும், தெரியும்" என்று தாண்டிவிடுவார்.

எதை விளக்குவது என்பதிலும் தடுமாறுகிறார்கள். காவடி, விபூதி, பிரசாதம் இவற்றைத் தமிழருக்கு விளக்க வேண்டாம். ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துப் படித்து, "காவடி எனப்படும் மரத்தாலான சுமை" என்று எழுதும் பழக்கம் வந்திருக்கிறது. ஆனால் கோயில் வீடு என்றால் என்ன, தண்ணீர்மலை எங்கே என்பது கோலாலம்பூர் வாசகருக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். அதை ஒரு வரியில் சொல்லுங்கள்.

சொல் விஷயத்தில் செய்கிறவர் சொல்வதே சட்டம். அலகு குத்துதல் என்று அவர் சொன்னால் "உடலைத் துளைத்துக்கொள்ளுதல்" என்று மாற்றாதீர்கள். அப்படி மாற்றியதும் அருகில் நின்ற நீங்கள் எங்கோ தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுகிறீர்கள். கோலாகலம், பக்திப் பரவசம், களைகட்டியது, விழாக்கோலம் பூண்டது என்று வந்த இடத்தில் எல்லாம் நான் கோடு போடுவேன். அந்த இடத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் பிள்ளைகள் உடனே சொல்கிறார்கள். சொன்னதை அப்படியே எழுதினால் ஆயிற்று.

கருத்து வேறுபாடு உள்ள இடங்களும் வரும். உறுமியில் சினிமாப் பாட்டு மெட்டு வாசிப்பது சரியா, படையலில் ஸ்டௌட் வைப்பது முறையா என்பன போல. தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உங்கள் கண்முன் யார் என்ன சொன்னார் என்பதை எழுதினால் போதும். எனக்கு உறுமிச் சத்தம் அளவு மீறினால் பிடிக்காது, அதை என் கட்டுரைகளில் என் பெயரில்தான் சொல்கிறேன், "பலரும் கருதுகின்றனர்" என்று ஒளிந்துகொள்வதில்லை.

10. உரியவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

அச்சுக்கு அனுப்பும் முன் உங்களிடம் பேசியவருக்கு அவர் வரும் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "சரியா?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். நேரில் வாசித்தால், "பித்தளை இல்ல தம்பி, செம்பு" என்பார். புகழ்ச்சியை மாற்றச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள், தகவலை மாற்றச் சொன்னால் உடனே மாற்றுங்கள்.

படவிளக்கத்தைக் கடைசியில் தனியாகச் சரிபாருங்கள். எல்லாரும் முதலில் படிப்பது அதைத்தான், எழுதுகிறவர் கடைசி நிமிடத்தில் அவசரமாக எழுதுவதும் அதைத்தான். என் ரதம் கவிழ்ந்தது அங்கேதான். யார், எங்கே, எந்த நாள், எந்த ஆண்டு என்று நான்கும் இருக்க வேண்டும். ஆண்டை விட்டுவிட்டால் பத்து வருடம் கழித்து அந்தப் படத்தால் யாருக்கும் பயன் இல்லை.

மலர் அச்சாகி வந்ததும் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தக் குடம் வைத்திருந்த அக்கா வீட்டுக்கு அந்த மாணவன் போனபோது, நாத்தனாரும் அங்கே இருந்திருக்கிறார். கட்டுரையைப் படித்துவிட்டு, குடம் கைமாறிய கதையில் தன் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். அடுத்த தை மாதத்துக்கு அவனுக்குக் கட்டுரை அங்கேயே கிடைத்துவிட்டது.